மலட்டுப்பூ பறித்த மார்கழி

எங்கள் வீட்டு மூட்டைப்பூச்சிகள் எல்லாம் ஒரே நாளில் செத்தன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அந்தச் சந்தோஷம்தான் காரணம்.

ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஐந்து வருஷம். பிறந்தது கருங்குழி. வாழ்க்கைப்பட்டது புதுப்பட்டினத்துக்கு மேற்கே, மணல் பாங்கான நிலத்தில் பூசணி போடுகிற குடும்பத்தில். வீட்டில் மூன்றே பேர். நான், என் புருஷன், என் மாமியார். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், கொடுத்து வைத்தவர்.

ஐப்பசி முடிகிற சமயம் கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். காக்கி அரைக்கால் சட்டை, ஒரு பக்கெட், ஒரு கைப்பம்பு. மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவரெல்லாம் அடிக்க வேண்டுமாம். மாமியார் வாசலில் குறுக்கே நின்றாள்.

"சாமி படத்து மேல ஒரு சொட்டு பட்டுச்சி, கைய முறிச்சி அடுப்புல வெச்சிடுவேன்."

சாமிக்கு ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டு அடித்தார்கள். சுவர் வெள்ளை பூத்துப் போயிற்று. மறுநாள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினால், எள் கொட்டுகிற மாதிரி மூட்டைப்பூச்சி கொட்டுகிறது, அத்தனையும் பிணம். மாமியார் தன் ஆயுசில் முதன்முறையாக வெயில் ஏறும்வரை தூங்கினாள். எழுந்து வந்து சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிக்குப் போர்த்திய புடவையை எடுக்க இரண்டு நாள் மறந்துபோயிற்று.

பின்பக்கச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதில் கொசுத்தேனீ குடியிருந்தது. கொட்டாது, கொசு அளவுதான் இருக்கும், வாசலில் மெழுகால் ஒரு சின்னக் குழாய் வைத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கும். அதுவும் அன்றைக்குக் கூண்டோடு போயிற்று. விரிசலுக்குக் கீழே ஒரு பிடி கறுப்பாகக் குவிந்து கிடந்தது. நான்தான் பெருக்கிக் குப்பையில் கொட்டினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

என் புருஷன் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்றால் எங்கள் பக்கத்தில் அம்மா பேச்சைத் தட்டாதவர் என்று அர்த்தம். அவருக்கு மூளை வேலை செய்வது அபூர்வம், அன்றைக்குப் பார்த்து வேலை செய்தது. மூட்டைப்பூச்சியைக் கொல்கிற மருந்து பூசணி வண்டைக் கொல்லாதா? கார்த்திகையில் சிவப்பு வண்டு வந்து இலையெல்லாம் சல்லடையாக்கிவிடும். அதற்குச் சாம்பல் தூவுவோம், திட்டுவோம், வேறொன்றும் செய்யத் தெரியாது. மருந்தடித்தவர்களில் ஒருவனை எங்கேயோ பிடித்து, ஒரு வெடக்கோழியைக் கொடுத்து, ஒரு டின் பொடி வாங்கி வந்துவிட்டார்.

பழைய பனியனில் பொடியை முடிந்துகொண்டு காலையில் தோட்டத்தில் இறங்குவார். ஒவ்வொரு கொடி மேலும் இரண்டு உதறு. கோயிலில் விபூதி கொடுக்கிற பூசாரிக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருக்காது. வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு கீழே விழுந்தன. இலை ஓரம் கொஞ்சம் கருகியது, அது வெயில் என்று சொல்லிவிட்டார். ஊரில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனார்கள். பத்து நாள் அவர் நடையே மாறிப்போயிற்று. வேலி நொச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்த கொம்புத்தேனீக் கூடு ஒரு நாள் வெறும் மெழுகாகக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "ஒரு சொட்டு தேன்கூட இல்லமே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பூசணியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொடியில் இரண்டு தினுசுப் பூ. ஒன்றுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அது பிஞ்சுப்பூ. இன்னொன்று நீளக் காம்பில் வெறுமனே நிற்கும். உள்ளே ஒரு மஞ்சள் திரி. தொட்டால் விரலெல்லாம் மஞ்சள் மாவு. அது காய்க்காது. எங்கள் வீட்டில் அதற்கு மலட்டுப்பூ என்று பெயர். மார்கழியில் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து, அதன் தலையில் செருகுவதெல்லாம் இந்த மலட்டுப்பூதான். காய்க்கிற பூவைப் பறிக்க யாருக்கு மனசு வரும்?

மார்கழி பிறந்தது. தோட்டம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூத்ததோடு சரி. பிஞ்சுப்பூ ஒவ்வொன்றும் மூன்றாம் நாள் வாடும், நாலாம் நாள் அடியில் இருக்கிற பிஞ்சு பழுத்து வெம்பும், தொட்டால் கையோடு வரும். ஒரு காய் பிடிக்கவில்லை. அந்தப் பூசணியை நம்பித்தான் எங்கள் வீட்டில் வருஷம் ஓடும். மாசியில் புதுப்பட்டினத்துப் பாய் ஒருவர் வந்து மொத்தமாக எடுத்து, கால்வாய்ப் படகில் ஏற்றி மதராசுக்கு அனுப்புவார். அவர் வழக்கம்போல மார்கழியிலேயே ஒரு நடை பார்க்க வந்தார். வரப்பில் நின்று கொஞ்ச நேரம் காதைக் குடைந்துகொண்டார்.

"இன்னா அண்ணாத்த, தோட்டம் எழவு வூடு மாரி கம்முனு கீது?"

என் புருஷன் மருந்துப் பெருமையைச் சொன்னார். பாய் தலையாட்டிவிட்டு, தை கழித்து வருகிறேன் என்று போய்விட்டார். அவர் சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமியார் தன் வைத்தியத்தை ஆரம்பித்தாள். வேலியில் பிய்ந்த செருப்பைக் கட்டினாள். கரிச்சட்டியில் கண்ணும் பல்லும் வரைந்து கழியில் கவிழ்த்தாள். எல்லையம்மனுக்கு ஒரு சேவல் அறுத்தாள். அந்தக் குழம்பு நன்றாக இருந்தது என்பதைத் தவிர ஒரு பலனும் இல்லை. திருஷ்டி இல்லை, சாமி குத்தமும் இல்லை என்றானபின் அவள் கண் மெல்லத் திரும்பி என் மேல் வந்து நின்றது. வரும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் பால் திரிந்தாலும் என் வயிறுதான் காரணம்.

"மலட்டுக் கை வெத ஊனுச்சி. எப்பிடிக் காய்க்கும்? இனிமே நீ தோட்டத்துல காலு வெக்காத."

அவள் அதோடு விடவில்லை. மகன் பக்கம் திரும்பினாள்.

"படூர்ல உங்க அத்த வழியில ஒரு பொண்ணு கீது. தை பொறக்கட்டும், போய்ப் பாத்துட்டு வரலாம். இவளும் ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும். நான் இன்னா தொரத்தவா போறேன்?"

ஒருவன் இரண்டு பெண்டாட்டி கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாக அப்போதே பேசிக்கொண்டார்கள். சட்டம் செங்கல்பட்டு வரைக்கும் வந்திருக்கும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு அதற்கு வண்டி கிடைக்கவில்லை. என் புருஷன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. பயம்தான் வந்தது. இன்னொருத்தி வந்து அடுப்பைப் பிடித்துக்கொள்வாள், நான் அவள் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டு மூலையில் கிடக்கவேண்டும். கருங்குழிக்குத் திரும்பலாம் என்றால் அங்கே என் அண்ணிமார் மூன்று பேர்.

ஆனால் மார்கழி நடந்துகொண்டிருந்தது. கோலத்துக்குப் பூ வேண்டும். மாமியாருக்கு முழங்கால் மடங்காது. குனிந்து பறிக்கவும் முடியாது, உட்கார்ந்து கோலம் போடவும் முடியாது. மறுநாள் விடியலில் என்னைக் கூப்பிட்டாள்.

"மலட்டுப்பூவ மட்டும் பறி. அது எப்பிடியும் காய்க்காது, உன் கை பட்டா ஒண்ணும் கெட்டுடாது. பிஞ்சுப்பூ கிட்ட போனியோ, தோல உரிச்சிடுவேன்."

அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்பு எடுத்து வா என்கிற மாதிரி சொன்னாள்.

அதோடு அவளுக்கு ஒரு யோசனையும் தோன்றியது. மலட்டுப்பூக்கள் கொடியின் சத்தையெல்லாம் குடித்துவிடுகின்றன, அதனால்தான் பிஞ்சுக்குச் சத்துப் போகவில்லை, ஆகவே ஒன்று விடாமல் பறித்துவிட வேண்டும். மகனும் அது நியாயம் என்றார். எனவே தினமும் கூடை நிறையப் பறித்தேன். எங்கள் வாசலுக்குப் போக மிச்சத்தைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். அந்த வருஷம் எங்கள் தெருவில் மார்கழி ஜோரோ ஜோர். கடைசி வீட்டு வாசலில்கூடச் சாணி உருண்டைக்கு இரண்டு பூ. எங்கள் தோட்டத்தில் ஒரு காய் இல்லை.

ஒரு நாள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து மடியில் இருந்த பூவைக் கூடைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பிஞ்சுப்பூ. உள்ளே மருந்துக்குத் தப்பிய ஒரு சிவப்பு வண்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எனக்கில்லாத உரிமை அதற்கு இருந்தது. ஆத்திரத்தில் கையை உள்ளே விட்டு அதைக் கிள்ளி எடுத்து நசுக்கினேன். நாற்றம் பிடித்த சனியன், விரலில் ஒரு மஞ்சள் தண்ணீரை விட்டது. பிஞ்சுப்பூவைத் தொட்டுவிட்டோமே என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து அதே கல்லில் உட்கார்ந்தபோது பார்த்தேன். அந்தப் பூ வாடி உதிர்ந்திருந்தது. ஆனால் பிஞ்சு வெம்பவில்லை. எலுமிச்சை அளவுக்கு வந்து, பச்சைப் பசேலென்று, மேலே கோடு கோடாக இருந்தது. தோட்டம் முழுக்க நடந்து தேடினேன். வேறு ஒன்றும் இல்லை. இத்தனை கொடியில் அந்த ஒன்றுதான் பிடித்திருந்தது, அதுவும் மலட்டுக் கை பட்டது.

உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு என் கையில் என்ன இருந்தது? வண்டு தண்ணீர் விட்டது பிறகு. அதற்கு முன்னால் கூடை நிறைய மலட்டுப்பூ பறித்த கை. விரலெல்லாம் அதன் மஞ்சள் மாவு. அப்புறம் இன்னொன்று சுரீரென்று உறைத்தது. போன மார்கழி வரைக்கும் பூசணிப் பூவைப் பறிக்குமுன் காம்பைப் பிடித்து ஓர் உதறு உதறுவோம். உள்ளே தேனீயோ கருவண்டோ உட்கார்ந்திருக்கும், உதறாமல் கை வைத்தால் கொட்டிவிடும். வாழ்க்கைப்பட்ட முதல் வருஷம் நான் வாங்கிய கொட்டுக்குக் கை தோசைக்கல் மாதிரி வீங்கியது. இந்த வருஷம் ஒரு நாள்கூட நான் உதறவில்லை. பயமே இல்லாமல் கையை விட்டிருக்கிறேன். ஏனென்றால் உள்ளே யாரும் இல்லை. பாய் கேட்டாரே, தோட்டம் ஏன் கம்மென்று இருக்கிறது என்று. இரைச்சல் போட வேண்டியவர்களையெல்லாம் பனியனில் பொடி முடிந்துகொண்டு போய் நாங்கள் தீர்த்துக் கட்டிவிட்டோம்.

அந்த மாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை அவைதான் செய்துகொண்டிருந்தன என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாவது தாண்டவில்லை. ஆனால் ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தேன். ஒரு மலட்டுப்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, திரியை மட்டும் பிடித்துக்கொண்டு, பிஞ்சுப்பூவின் நடுவில் தடவினேன். உள்ளதைச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். இந்த வேலையை அந்தத் தேனீக்கள் எப்படித்தான் பாடிக்கொண்டே செய்தனவோ. ஒரு திரி நாலு பூவுக்குக் காணும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும், அதற்குள் முடிக்க வேண்டும். கூடையில் கோலத்துக்குக் கொஞ்சம் பூ குறைந்தது. இன்றைக்குப் பூப்பே குறைவு என்று புளுகினேன்.

நாலு வரிசை முடிப்பதற்குள் இடுப்பு கழன்றது. குனிந்த தலை நிமிரவில்லை. கூலி கேட்காமல், கஞ்சி கேட்காமல் இத்தனை வருஷம் இதைச் செய்துகொண்டிருந்தவர்களை மூட்டைப்பூச்சியோடு சேர்த்து எண்ணிவிட்டோமே என்று நினைத்தேன். சுவரோரம் பெருக்கிக் கொட்டிய அந்த ஒரு பிடி கறுப்பு ஞாபகம் வந்தது. நிஜமாகவே அழுதேன். அழுதுகொண்டே அடுத்த வரிசைக்குப் போனேன், பூ காத்திருக்காது.

ஒரு வாரத்தில் தோட்டம் பிடித்துக்கொண்டது. இலையை விலக்கினால் அங்கொன்று இங்கொன்று, எலுமிச்சை அளவிலும் கொய்யா அளவிலும். என் புருஷன்தான் முதலில் பார்த்துவிட்டு ஓடி வந்தார். மாமியார் கழியை ஊன்றிக்கொண்டு வரப்பு வரை வந்து பார்த்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல்லியே விடுவது என்று வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"நேத்துதான் படூர்லேந்து பொண்ணு ஜாதகம் வந்துச்சி. இன்னிக்கிக் காய்ச்சிகினு கீது பாரு. காலடி வெக்கறதுக்கு முன்னாடியே ராசி பேசுது. மகாலச்சுமிடா அவ."

இடுப்பு கழன்றது எனக்கு, ராசி படூர்க்காரிக்கு. இத்தனை நாள் காய்க்காததற்கு நான் காரணம். காய்த்ததற்கு, இந்த ஊரை இன்னும் பார்க்காத ஒருத்தி காரணம். பேசாமல் நான் கை வைக்காமலே இருந்திருந்தால்கூடப் படூர் பேச்சு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். நானே என் கையால் அவளுக்கு ஆரத்தி கரைத்து வைத்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

"ராசியும் இல்ல, கீசியும் இல்ல அத்த. நான்தான் காய்க்க வெச்சேன்" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். மலட்டுப்பூ மாவை எடுத்து ஒவ்வொரு பிஞ்சுப்பூவிலும் தடவியதைக் கை வைத்துக் காட்டினேன். மாமியார் முகம் மிளகாய் அரைத்த அம்மி மாதிரி ஆயிற்று.

"பிஞ்சுப்பூவத் தொட்டியா? வேணாம்னு சொன்னேனே. தொட்டதும் இல்லாம வந்து பெரும வேற பேசறியா? மலட்டுப்பூவால காய் வந்துச்சின்னா கேக்கறவங்க எதால சிரிப்பாங்க?"

"அப்ப பரீச்ச வெச்சிப் பாத்துடலாம். நாளைக்கிப் பூக்கிற பூவுல பத்து உனக்கு, பத்து எனக்கு. உன்னுதுக்கு செவப்பு நூலு, என்னுதுக்கு வெள்ள நூலு. நீ படூர் ராசிய வெச்சிக் காய்க்க வெய்யி. நான் மலட்டுப்பூவ வெச்சிக் காய்க்க வெக்கறேன். உன் ராசி காய்ச்சா, நானே வண்டி கட்டிகினு போயி அந்தப் பொண்ண இட்டுகினு வரேன்."

இவ்வளவு பெரிய வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. என் புருஷன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியார் ரோஷக்காரி, சரி என்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் அவரே இருபது பிஞ்சுப்பூவுக்கும் நூல் கட்டினார். நான் என் பத்துக்கும் திரியைத் தடவிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். மாமியார் குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, மஞ்சள் தடவிய அந்த ஜாதகத்தை எடுத்து வந்தாள். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, ஒவ்வொரு பூவின் நெற்றியிலும் ஜாதகத்தை ஒற்றினாள். ஒன்பதாவது பூவில் ஒரு கட்டத்தின் மசி கரைந்து பூவோடு போயிற்று. அது சனியா சுக்கிரனா என்று அம்மாவும் பிள்ளையும் கொஞ்ச நேரம் தர்க்கம் செய்தார்கள்.

ஐந்து நாள் காத்திருந்தோம். நான் வெளியே வீம்பாகத்தான் நடந்தேன். எனக்குத் தெரியாத ஏதாவது இருந்துவிட்டால்? எங்கிருந்தாவது ஒரு தேனீ பிழைத்து வந்து, பார்த்துப் பார்த்து அவளுடைய பத்தில் போய் உட்கார்ந்துவிட்டால்? தேனீ வரவேண்டும் என்று அழுத நானே அந்த ஐந்து நாளும் வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். மாமியார் சும்மா இருக்கவில்லை. சிவப்பு நூல் கட்டிய பூக்களுக்கு மட்டும் சொம்பில் தனியாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். ஒரு நாள் பால்கூட ஊற்றினாள்.

ஐந்தாம் நாள் மூன்று பேரும் போனோம். வெள்ளை நூலில் எட்டு பிடித்திருந்தது. ஒன்றை அணில் கடித்திருந்தது, ஒன்று வெம்பியிருந்தது. சிவப்பு நூலில் பத்தும் மஞ்சளாகச் சுருங்கிக் கிடந்தன. மாமியார் ஒவ்வொன்றாகக் கழியால் தொட்டாள். தொடத் தொட உதிர்ந்தன. கடைசிப் பிஞ்சு விழுந்ததும் நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அத்த, இந்தப் பிஞ்சுப்பூவுல இன்னா கொற? பக்கத்துல கீறதும் இதே கொடி, இதே மண்ணு. மாவு வந்து சேரல, வுழுந்துடுச்சி. அஞ்சு வருசமா என்னியவே கேட்டுகினு கீறியே, உன் புள்ளய ஒரு நாளாவது கேட்டியா?"

சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தக் காலத்தில் அந்த மாதிரி வார்த்தையைப் புருஷன் முன்னால் ஒரு பெண் சொன்னால் பல் இருக்காது. அவர் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. வழக்கம்போலக் கால் கட்டைவிரலைத்தான் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே பேசினார்.

"படூருக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடும்மா."

அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் அவர் தன் அம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாயங்காலம் பொடி டின்னைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே முள்காட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். மண்ணில் புதைத்தால் மட்டும் நல்லதா என்று இப்போது கேட்பீர்கள். அப்போது அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. யாரிடம் குறை என்று எந்த டாக்டரிடமும் போகவில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் அந்த ஒரு நாளுக்குப்பிறகு கேட்கவில்லை. தேனீ உடனே திரும்பி வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் என் புருஷனைப் பார்த்து அதே பொடியைத் தேடி வாங்கித் தூவியிருந்தார்கள்; இவர் போய் வேண்டாம் என்று சொன்னால் பொறாமையில் சொல்கிறான் என்றார்கள். அப்புறம் விதம்விதமாக வேறு மருந்துகளும் வந்தன. மூன்று மார்கழி நான்தான் தேனீ. நாலாவது மார்கழியில் பாதி வேலைக்கு அவை வந்தன, பாதி நான். முன்னைப் போல உதறிவிட்டுப் பறிக்க வேண்டிய தோட்டமாக அது கடைசிவரை ஆகவேயில்லை. என் புருஷன் சாகும்வரை மார்கழிக் காலைகளில் என்கூட வந்து குனிந்தார். திரியைக் கிள்ளி என்னிடம் கொடுப்பது அவர் வேலை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பரீட்சைக்கு மறுநாள் காலையைப் பற்றி.

வழக்கமான நேரத்துக்கு எழுந்து, பூ பறிக்கக் கூடையைத் தேடினேன். இருந்த இடத்தில் இல்லை. வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மாமியார் ஒரு மணைக்கட்டையைப் போட்டு, மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோலம் கோணலாக இருந்தது. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நடுவில் ஐந்து சாணி உருண்டை வைத்திருந்தாள். ஒன்றின் தலையிலும் பூ இல்லை. கூடை காலியாக அவள் பக்கத்தில் இருந்தது. அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, மார்கழியில் அந்த வாசல் பூசணிப்பூ இல்லாமல் இருந்ததில்லை. மாமனார் செத்த வருஷம்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து வைத்துவிட்டுப் போனாளாம்.

எதிர்வீட்டுக்காரி அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னா பெரியம்மா, மொட்டையா கீது? பூவு எங்க?"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விட்டுப்போன புள்ளியை வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கோலத்துக்கு இனிமே கெடையாது. அது என் மருமவளுக்கு வேணும், தோட்டத்துல அவளுக்கு வேல கீது."

பிறகு கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.